உங்கள் தெருவுக்கு வரைபடம் போடும்போதே நீங்கள் அங்கே இருக்க வேண்டும்

பொக்லைன் வந்து பிளாட்பாரத்தைப் பெயர்க்கத் தொடங்கிய பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் கேள்வி கேட்கக் கிளம்புகிறோம். "யாரைக் கேட்டு இதைச் செய்றீங்க?" என்று மேஸ்திரியிடம் சண்டை போடுகிறோம். அவர் கையில் இருப்பது ஒரு வரைபடமும், வேலையைத் தொடங்கச் சொல்லும் ஓர் ஒர்க் ஆர்டரும் மட்டும்தான். அவரால் ஓர் அங்குலம்கூட மாற்ற முடியாது. நடைபாதை எத்தனை அடி, எந்த மரம் நிற்கும், பூ விற்கிற அக்கா எங்கே உட்காருவார், பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் எஸ்டிமேட், அதாவது மதிப்பீடு, போட்டபோதே முடிவாகியிருக்கும்.

அந்தக் கட்டத்தில் எப்படிப் போய்ச் சேருவது, போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் முன் அனுபவமே இல்லாதவர்களுக்காக எழுதுவது. சென்னையை வைத்துச் சொல்கிறேன். கோவையிலோ மதுரையிலோ நகராட்சிகளிலோ பதவிப் பெயர்கள் கொஞ்சம் மாறும், போகிற வழி ஏறக்குறைய இதேதான்.

சாலை யாருடையது?

முதல் வேலை இது. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் மாதக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது என்பதாலேயே ஒரு சாலை மாநகராட்சியுடையதாகிவிடாது. வீட்டுத் தெருக்களையும் உட்புறச் சாலைகளையும் மண்டல அலுவலகம் பார்க்கிறது. களத்தில் அதற்குப் பொறுப்பு வார்டு உதவிப் பொறியாளர், எல்லோரும் சொல்கிற பெயரில் ஏ.இ. பஸ் ஓடும் பெரிய சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே பேருந்து சாலைகள் துறை என்று தனியாக ஒன்று உண்டு. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன.

இதோடு முடியவில்லை. சாலைக்கு அடியில் போகும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்துடையவை. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரியத்துடையவை. சிக்னல், ஒருவழிப்பாதை, வண்டி நிறுத்தத் தடை ஆகியவற்றில் போக்குவரத்துக் காவல்துறையின் சம்மதம் வேண்டும். பஸ் நிறுத்தத்தை நகர்த்த வேண்டுமென்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்.டி.சி.யையும் கேட்க வேண்டும். ஒரே தெருவுக்கு இத்தனை சொந்தக்காரர்கள். ஒரு தாளில் இவர்களை எல்லாம் எழுதி, எதற்கு யார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைங்க" என்ற பதில் வந்தே தீரும். அந்தத் தாள் அப்போது உதவும்.

அடுத்து, வார்டு ஏ.இ.யைப் போய்ப் பாருங்கள். சண்டைக்காரராகப் போகாதீர்கள். களத்தில் எல்லாத் திட்டும் வாங்குகிறவர் அவர்தான். காலையில் சைட்டுக்குப் போய்விடுவார் என்பதால் எப்போது அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. "சார், நம்ம தெருவுக்கு இந்த வருஷம் ஏதாவது எஸ்டிமேட் போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்தே நீங்கள் எந்தக் கட்டத்தில் வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

"பிரபோசல் போயிருக்கு, இன்னும் சாங்ஷன் ஆகலை" என்றால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். வடிவமைப்பையே மாற்றலாம். "டெண்டர் விட்டாச்சு" என்றால் நடைபாதை அகலம் போன்ற பெரிய விஷயங்களை மாற்றுவது கடினம்; மரக்குழி, சரிவுப்பாதை, நிறுத்தத்தின் இடம் போன்றவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். "ஒர்க் ஆர்டர் கொடுத்தாச்சு" என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது கண்காணிப்பு மட்டும். அதுவும் முக்கியமான வேலைதான். ஆனால் தெருவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வேலை அது அல்ல.

மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை வேலை எப்படியும் மெதுவாகத்தான் நடக்கும். அந்த மாதங்களை உங்கள் தயாரிப்புக்கு வைத்துக்கொண்டால், பட்ஜெட்டுக்கு முன்பே கோரிக்கையைக் கொடுத்துவிடலாம்.

பேசுவதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது

கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் மக்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் தமிழ்நாட்டில் ரொம்ப நாளாக இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்குமான விதிகள் 2022-ல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே கலந்துகொண்டார்.

சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு சபை. உங்கள் பெயர் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர்தான், தனியாக யாரும் உங்களைச் சேர்க்க வேண்டியதில்லை. வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். பகுதி சபை எப்போது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டே இருங்கள். அறிவிப்பு எல்லா வீட்டுக்கும் வந்து சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கூட்டத்தில் குப்பை, கொசு, தெருவிளக்கு என்று நிறையப் பேச்சு ஓடும். உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள்: இந்தத் தெரு, இன்ன பிரச்சினை, எங்கள் கோரிக்கை இது. எழுதியும் கொடுங்கள். அப்புறம் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். உங்கள் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். பேசியது பதிவாகவில்லை என்றால் பிறகு அதை எடுத்துக் காட்ட வழியில்லை.

தெருவை எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான் என்பேன். "நடக்க இடமே இல்லை சார்" என்று சொன்னால் பொறியாளர் தலையாட்டுவார். "மாலை ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் இந்த இடத்தில் இத்தனை பேர் நடந்தார்கள், அதில் இத்தனை பேர் பிளாட்பாரத்தை விட்டு சாலையில் இறங்கி நடந்தார்கள்" என்று ஒரு தாளை நீட்டினால் அவரும் அதை மேலே அனுப்ப முடியும். அவருக்கு மேலே இருக்கிறவர் கேட்பதும் எண்களைத்தான்.

நான்கைந்து பேர், அட்டை, பேனா, செல்போன் கடிகாரம் போதும். பள்ளி, ஆபீஸ் நேரமான காலை எட்டு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஏழு, சாதாரண நாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று. ஒருவர் நடப்பவர்களை எண்ணட்டும். இன்னொருவர் சைக்கிள், பைக், ஆட்டோ, கார், பஸ் என்று கோடு போடட்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கூட்டி எழுதுங்கள். முடிவில் வண்டிகளின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றுங்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர், ஒரு காரில் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். வண்டிகளை மட்டும் எண்ணினால் தெரு கார்களுக்கானது போலத் தெரியும். ஆட்களை எண்ணும்போது பஸ்ஸிலும் காலிலும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் உறைக்கும்.

அடுத்தது வண்டி நிறுத்தம். இதில்தான் எல்லாத் தெருக்களிலும் சண்டை வரும். அரை மணிக்கு ஒரு முறை தெருவை நடந்து, நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை இதைச் செய்தால், எந்த வண்டி கொஞ்ச நேரத்தில் கிளம்பியது, எது நாள் முழுக்க நின்றது என்று தெளிவாகத் தெரியும். "வாடிக்கையாளர் வண்டி" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதில் கணிசமானவை கடைக்காரர்களுடையதாகவும் கடை ஊழியர்களுடையதாகவும் இருக்கும். பதிவெண்களை வெளியில் யாருக்கும் காட்டாதீர்கள். கணக்கு எடுத்ததும் பதிவெண் எழுதிய தாளை மட்டும் கிழித்துவிடுங்கள்.

பிறகு டேப்பை எடுங்கள். நடைபாதையின் அகலம் என்று எழுதப்பட்டிருப்பது வேறு, நடக்கக் கிடைக்கும் அகலம் வேறு. ஆறடி நடைபாதை என்பார்கள். சுவரிலிருந்து அளந்துகொண்டே வாருங்கள்: கடையின் படி ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கும், இன்னொரு பக்கம் பில்லர் பாக்ஸ் இரண்டடியை எடுத்துக்கொண்டிருக்கும், அதன் கதவு திறந்திருந்தால் அதுவும் போச்சு. மிச்சம் இரண்டரை அடி. அதில் ஒரு சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போகாது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் இப்படி "உண்மையான அகலம்" எழுதி, படமும் எடுத்து வைத்தால் அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை.

அந்த டேப்பாலேயே வீட்டு வாசற்படிகளையும் அளந்துவிடுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, சென்னையில் எத்தனையோ வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. பழைய அடுக்கை எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை மட்டம் இப்போது எங்கே இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தால், வேலை முடிந்ததும் உயர்ந்ததா இல்லையா என்று வாக்குவாதமே வராது.

கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போங்கள்

குடியிருப்போர் நலச் சங்கம் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? வீட்டுச் சொந்தக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் அந்தத் தெருவில் அதிக நேரம் இருப்பவர்கள் அங்கே இல்லை. வாடகை வீட்டுக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள், பார்வையற்றவர்கள். இவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வரமாட்டார், ஏனென்றால் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவர்களுக்கு வேலை இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு எழுதும் கோரிக்கையைத் தெருவின் கோரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். பூக்கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும் பிற்பகல் நேரம் பார்த்து உட்காருங்கள்.

"அக்கா, எவ்வளவு நாளா இங்க கடை போடறீங்க?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதே மரத்தடிதான் தம்பி. எடுக்கச் சொல்ல வந்திருக்கீங்களா?"

அந்தச் சந்தேகம் நியாயமானது. "தெருவை அழகாக்கப் போறோம்" என்று யாராவது வந்தாலே அடுத்து வருவது அப்புறப்படுத்தும் வண்டி என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வருவீர்கள், தண்ணீருக்கு எங்கே போகிறீர்கள், கழிப்பறை எங்கே, வெயிலுக்கு என்ன செய்கிறீர்கள், எவ்வளவு இடம் இருந்தால் போதும். காலையில் பூவும் கீரையும் விற்கும் அதே இடத்தில் மாலையில் பஜ்ஜிக் கடை வருவதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரப் பங்கீட்டை அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள். வரைபடம் போடுகிறவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை ஏற்கெனவே வியாபாரம் செய்கிறவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் தெரு வியாபாரிகளில் யாருக்கெல்லாம் அடையாள அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்தக் குழுவின் வியாபாரிப் பிரதிநிதியையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களிடம் பேசுவது இன்னொரு கலை. மளிகைக்கடை அண்ணாச்சி முதல் வார்த்தையாக இதைத்தான் கேட்பார்: "வண்டி நிறுத்த இடமில்லேன்னா என் கடைக்கு எவன் வருவான்?" உங்களிடம் நிறுத்தக் கணக்கு இருக்கிறது இல்லையா, அதை அவர் முன்னால் விரியுங்கள். அவருடைய சரக்கு வண்டி எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டு, அதற்கு ஓர் இடத்தை வரைபடத்தில் ஒதுக்குங்கள். அவர் பயம் அந்த இறக்குமிடத்தைப் பற்றியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது தீர்ந்தால் மற்றதைப் பற்றி அமைதியாகப் பேசுவார்.

பாண்டி பஜாரைக் கொஞ்சம் பாருங்கள்

தியாகராய நகரின் தியாகராயர் சாலையை, நாம் எல்லோரும் பாண்டி பஜார் என்று சொல்லும் அந்த இடத்தை, ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கார்கள் அடைத்துக்கொண்டிருந்த தெருவில் அகலமான நடைபாதை, உட்கார இருக்கை, குழந்தைகள் ஓட இடம். வேலையைத் தொடங்கும் முன் சாலையில் தடுப்பு வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். தாளில் பார்த்துப் பயந்தவர்களுக்கு நேரில் நடந்து பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது.

அதே தெரு இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே பல பத்தாண்டுகளாக நடைபாதையில் கடை போட்டவர்கள், 2013-லேயே தனி வணிக வளாகக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் பட்டு வாங்கும் வியாபாரம் மாடி ஏறினால் என்ன ஆகும் என்று எந்த வியாபாரியும் சொல்வார். 2019-ல் நடைபாதை வளாகம் திறந்த பிறகும் அங்கே கடைகள் வருவதும், எடுப்பதும், மறுபடி வருவதும் நடந்துகொண்டே இருந்தன. பைக்குகள் நடைபாதையில் ஏறுவது, உடைந்த கற்கள் என்று பராமரிப்புப் புகார்களும் வந்தன. நல்ல நடைபாதை போட்டால் கூட்டம் வரும், கூட்டம் இருக்கும் இடத்துக்கு வியாபாரி வருவார். அவருக்கான இடத்தை வரைபடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், படிக்கப் பழகுங்கள்

கணக்கும் பேச்சும் கையில் வந்ததும் வரைபடம் எங்கே என்று கேளுங்கள். கேட்டும் கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "எங்கள் தெருவை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன சாலைக்கான மதிப்பீட்டின் நகல், குறுக்குவெட்டு வரைபடத்தின் நகல், ஒப்பந்ததாரர் பெயர், வேலை முடிய வேண்டிய தேதி, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வரைபடத்தில் நீங்கள் தேட வேண்டியது குறுக்குவெட்டுத் தோற்றம். தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எதற்கு எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றி 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐ.ஆர்.சி. 103 என்று சொன்னால் போதும். அதன்படி தடையில்லாமல் நடக்கும் பகுதி குறைந்தது 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர். இதில் கம்பம், மரம், பெட்டி எதுவும் நிற்கக் கூடாது. அவற்றுக்குச் சாலை ஓரமாகத் தனி வரிசை. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்குப் போட்டுவிட்டு, "யாருமே மேலே ஏறி நடப்பதில்லை" என்பார்கள். எழுபது வயதுப் பாட்டி அதில் எப்படி ஏறுவார்? சரிவுப்பாதை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் இருக்க வேண்டும், அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். பைக் ஏறாமல் இருக்கத் தடுப்புக் கம்பம் நட்டால், சக்கர நாற்காலி புகும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை மாநகராட்சியே 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்பதே அதன் சாரம். மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். மாநகராட்சி தானே ஏற்றுக்கொண்ட கொள்கையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று அப்போது பதிவாகும்.

மரங்கள் விஷயத்தில் முன்கூட்டியே கவனமாக இருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, என்ன மரம், சுற்றளவு எவ்வளவு என்று எழுதிப் படத்தோடு வையுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை மொத்தமாக அறுத்துவிட்டு, அடுத்த புயலில் மரம் சாய்ந்ததும் "காற்றில் விழுந்தது" என்று எழுதிவிடுவார்கள். வடிகாலின் பாதை மரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதை வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். மரத்தடியில் குறைந்தது ஒரு மீட்டராவது மண் திறந்திருக்கட்டும்.

கோலமாவால் தெருவில் வரைந்து பாருங்கள்

பெரும்பாலானவர்களுக்கு வரைபடம் புரியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போக்குவரத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, புதிய நடைபாதையின் விளிம்பு எங்கே வரும் என்று கோலமாவால் தெருவிலேயே கோடு போடுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு வட்டம், பூக்கடைக்கு ஒரு கட்டம், சரக்கு வண்டிக்கு ஒரு கட்டம், ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒன்று, பள்ளி வாசலுக்கு எதிரே கடக்கும் இடம். இந்த வேலையில் பெண்கள் தானாகவே முன்னால் வந்துவிடுவார்கள், அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்குவார்கள். "இங்க பஸ் நின்னா பின்னாடி வர்ற ஆட்டோ எங்க போகும்?" என்று ஒருவர் கேட்பார். "தெருவிளக்கு இந்தப் பக்கம் இல்லையே, ராத்திரி டியூட்டி முடிஞ்சு இந்த இருட்டுல யார் நடப்பா?" என்று இன்னொருவர். வார்டு ஏ.இ.யையும் கவுன்சிலரையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசிப் புரியாதது, அந்தக் கோட்டின் மேல் நின்றால் பத்து நிமிடத்தில் புரியும்.

சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும், வெள்ளைக் கோல் வைத்திருக்கும் ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். கோட்டின் வழியே அவர்கள் போகும்போது எங்கே தடுக்கிறது என்று பின்னால் நடந்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்து வரும் திருத்தங்கள்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளவை.

மனு ஒரு பக்கம்

இவ்வளவு வேலைக்குப் பிறகு மனு சுருக்கமாக இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்து கோரிக்கைகளுக்கு மேல் வேண்டாம். இணைப்பாகக் கணக்குத் தாள்கள், படங்கள், கோலமாவுக் கோட்டின் படம். கையெழுத்துப் பட்டியலில் கடைக்காரர், வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர், பள்ளித் தலைமையாசிரியர் என்று பலரும் இருக்கட்டும். ஒரே சங்கத்தின் நூறு கையெழுத்தைவிட இது கனமானது. கவுன்சிலர், மண்டல அலுவலர், தலைமைப் பொறியாளர், போக்குவரத்துக் காவல்துறை ஆகிய நால்வருக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். கவுன்சிலரிடம் மாமன்றக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.

உங்களுக்குள் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பஸ் நிறுத்தம் யார் வீட்டு வாசலில் என்பது போன்ற சிலவற்றில் கடைசிவரை இரண்டு கருத்து இருக்கும். அதை மறைக்காமல் "இதில் தெருவில் இரு கருத்து உள்ளது" என்று மனுவிலேயே எழுதி, இரண்டு தரப்புக் காரணங்களையும் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு தனியாக ஒரு மனுவோடு போகும், அதைக் காரணம் காட்டி மொத்தக் கோப்பும் நின்றுவிடும்.

வேலை தொடங்கிய பிறகு

இனி சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வேலை நடக்கும் இடத்தில் திட்டத்தின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், முடியும் தேதி எழுதிய பலகை இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். தெருவிலிருந்து இரண்டு பேர் தினம் காலையில் ஒரு சுற்று வந்து படம் எடுங்கள். வடிகாலில் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு, மூடும் முன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தோண்டிய இடத்தில் தடுப்பும் இரவு விளக்கும் இல்லாவிட்டால் மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-க்கு உடனே கூப்பிட்டுப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியை முறைப்படி எடுக்கவும்கூட உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

சாலை போடுவதற்கு முன்பே குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் கேபிள் நிறுவனங்களுக்கும் ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். புதுச் சாலையை இரண்டே மாதத்தில் மறுபடி வெட்டுவதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

திறப்பு விழா முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் குறைபாடுகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் என்று ஒன்று இருக்கும். அது எத்தனை மாதம் என்று ஏ.இ.யிடம் கேட்டு, முடியும் தேதியை எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக டேப்பையும் பழைய கணக்குத் தாள்களையும் எடுத்துக்கொண்டு தெருவை மறுபடி ஒரு முறை நடந்து, உடைந்த கல், சாய்ந்த கம்பம், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, அடுத்த பகுதி சபையில் கொடுத்துவிடுங்கள்.